1914 செப்டம்பர் 22: ஒரே நாளில் ஓர் உலகப் போர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மீது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசிய நாள் என்பது தெரியும். அதைத் தாண்டி அந்த நாளில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழெட்டு வாரங்களே ஆகியிருந்தன. அன்று காலை ஹாலந்து கடற்கரைக்கு அப்பால் ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி, ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைக் கவிழ்த்தது. அதே நாளில் பிரிட்டிஷ் விமானங்கள் முதன்முறையாக ஜெர்மன் மண்ணில் குண்டு போட்டன. பிரான்சில் இரு படைகளும் ஒன்றின் பக்கவாட்டை மற்றொன்று சுற்றி வளைக்கப் பார்த்தபடி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. செர்பிய மலைகளில் மாச்கோவ் காமென் சண்டை முடிவுக்கு வந்தது. இரவு ஒன்பதரைக்குச் சென்னை. அதற்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள், பசிபிக் நடுவே தாஹித்தித் தீவின் பப்பீத்தே நகரம்.

சென்னைச் சம்பவத்தைத் தனிக்கதையாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அந்த நாளின் மற்ற நிகழ்ச்சிகளோடு சேர்த்து வைத்தால்தான் எம்டன் ஏன் வந்தது, ஏன் அரை மணிக்குள் போய்விட்டது என்பது விளங்கும்.

இந்தியாவில் 22 என்றால் தாஹித்தியிலும் 22தானா? நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் ஒவ்வொரு நிகழ்வையும் அந்தந்த ஊரின் நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கிரீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள். கடைசியாக இந்திய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். நேரே இந்திய நேரத்துக்குத் தாவினால் தேதி கோட்டில் ஒரு நாள் விட்டுப்போகும்.

வட கடலில் முதல் கப்பல் அடிபட்டது காலை 6:20 வாக்கில், கிரீன்விச் நேரம். இந்திய நேரம் முற்பகல் 11:50. எம்டன் சுட்டது இரவு 9:30 என்றால் கிரீன்விச்சில் மாலை 4 மணி. தாஹித்தி கிரீன்விச்சுக்குச் சுமார் பத்து மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 7 மணிக்குக் கப்பல்கள் கண்ணில் பட்டன என்றால் கிரீன்விச்சில் மாலை 5. சென்னையில் அப்போது இரவு பத்தரை, துறைமுகத்தில் எண்ணெய் எரிந்துகொண்டிருந்த நேரம்.

இன்னொரு கண்ணி: வட கடல் சண்டைக்குப் பிரிட்டிஷ் பதிவுகள் கிரீன்விச் நேரத்தையும் ஜெர்மன் பதிவுகள் மத்திய ஐரோப்பிய நேரத்தையும் தருகின்றன. ஒரே டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) 6:20க்கும் 7:20க்கும் வெடித்ததாகப் படித்தால் குழம்ப வேண்டாம், அது ஒரே வெடிப்புதான்.

மூன்று போர்க்கப்பல்களை ஒரே நீர்மூழ்கி எப்படி மூழ்கடித்தது?

கப்பல்களின் பெயர் அபூகிர், ஹோக், கிரெஸி. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் எடையுள்ள கவசக் குரூசர்கள், அதாவது கவசத் தகடு போர்த்திய பெரிய போர்க்கப்பல்கள். நீர்மூழ்கி யூ-9, நீர்மட்டத்தில் மிதக்கும்போது அதன் எடை 500 டன்னுக்கும் சற்றுக் குறைவு. கேப்டன் ஓட்டோ வெடிகன்.

யூ-9 முந்தைய இரவைக் கடலடித் தரையில் படுத்துக் கழித்திருந்தது. புயல் ஓய்ந்த காலையில் மேலே வந்தபோது தொலைவில் பாய்மரக் கம்பங்கள் தெரிந்தன. அதன் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும் கோர்டிங் வகை, வெண்புகையைக் கக்கும். புகை காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் வெடிகன் உடனே மூழ்கினார்.

மூன்று கப்பல்களும் சுமார் 10 நாட் வேகத்தில், வளைந்து நெளியாமல் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. ஏறத்தாழ 500 மீட்டரிலிருந்து ஒரு டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. இங்கேதான் தீர்மானமான தவறு நேர்ந்தது. அபூகிரின் கேப்டன் டிரம்மண்ட், கண்ணிவெடியில் மோதியதாக நினைத்தார். மற்ற இரண்டையும் அருகே வந்து ஆட்களைக் காப்பாற்றச் சொன்னார். ஹோக் நின்றது, படகுகளை இறக்கியது. நின்ற கப்பல் நீர்மூழ்கிக்குச் சுவரில் வரைந்த வட்டம் மாதிரி. சுமார் 6:55க்கு மிக அருகிலிருந்து இரண்டு டார்பிடோக்கள் அதைத் தாக்கின, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹோக் இல்லை. அதற்குப் பிறகும் கிரெஸி அங்கிருந்து விலகிப் போகவில்லை. 7:20க்கு ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று. 7:55க்கு அதுவும் மூழ்கியது.

வெடிகனிடம் இருந்தவை ஆறு டார்பிடோக்கள்: அபூகிருக்கு ஒன்று, ஹோக்குக்கு இரண்டு, கிரெஸிக்கு மூன்று. ஒன்றே ஒன்றுதான் தவறியது.

கேட்க எளிதாக இருக்கிறது. யூ-9க்குச் சிக்கலே வரவில்லையா?

வந்தது. டார்பிடோ ஒன்று வெளியேறியதும் படகின் முனை திடீரென்று இலேசாகிவிடும். அந்த எடையை உடனே நீரால் ஈடுகட்டாவிட்டால் படகு மேலே துள்ளும். ஹோக்கைச் சுட்டதும் யூ-9 அப்படித்தான் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது, ஹோக்கின் பீரங்கிகள் அதை நோக்கிச் சுடவும் செய்தன. சமநிலையைக் காக்க ஆட்களையே எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள்: முனை தூக்கினால் எல்லாரும் முன்னால் ஓட வேண்டும், வால் தூக்கினால் பின்னால்.

அடுத்தது மறுநிரப்பல். யூ-9இல் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு குழாய்கள்தான். நீருக்கடியில் இருந்தபடியே குழாயில் மீண்டும் டார்பிடோ ஏற்றும் பயிற்சியை இதே படகு அதே ஆண்டு ஜூலையில் செய்து பார்த்திருந்தது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் கடைசி டார்பிடோவுக்கு வாய்ப்பில்லை. மூன்றாவது தாக்குதலின்போது பேட்டரியின் மின்சாரம் தீரும் நிலை. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கிரெஸி தப்பியிருக்கலாம்.

இவ்வளவு பழைய கப்பல்களை ஏன் துணையில்லாமல் அங்கே விட்டார்கள்?

ஆங்கிலக் கால்வாயின் கிழக்கு வாயிலைக் காக்க, ஹாலந்துக்கு அப்பாலுள்ள ‘பிராட் ஃபோர்ட்டீன்ஸ்’ என்ற ஆழங்குறைந்த பகுதியில் ரோந்து. கப்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ரிசர்வ் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்டவர்கள், கடற்படைப் பள்ளியிலிருந்து நேரே வந்த பதின்ம வயதுச் சிறுவர்கள். கடற்படைக்குள்ளேயே இந்த அணிக்கு ‘உயிருள்ள தூண்டில் இரை’ என்று பட்டப்பெயர் இருந்தது. செப்டம்பர் 18இல் கடற்படை அமைச்சர் சர்ச்சில், இந்தக் கப்பல்களை அங்கே வைப்பது ஆபத்துக்கு ஏற்ற பலன் தராது என்று எழுதினார். ஆனாலும் அவை விலக்கப்படவில்லை.

நீர்மூழ்கியை விரட்ட நாசகாரிக் கப்பல்கள் உடன் இருக்க வேண்டும். கடல் கொந்தளித்ததால் அவை துறைமுகம் திரும்பியிருந்தன. அணித்தலைவரான அட்மிரல் கிறிஸ்டியனின் கப்பலும் நிலக்கரி ஏற்றவும் பழுதான வயர்லெஸ்ஸைச் சரிசெய்யவும் போய்விட்டது. இப்படிக் கொந்தளிப்பான கடலில் நீர்மூழ்கி இயங்காது என்ற எண்ணம் பொதுவாக இருந்தது. அது சரியும்கூட. புயல் தணிந்ததும் அந்த எண்ணத்தையும் தணிக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் பிழை. நாசகாரிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன, அவை சேர்ந்தது முற்பகல் 10:45க்கு.

உயிரிழப்பு எவ்வளவு?

1,459 பேர் இறந்தனர், 837 பேர் பிழைத்தனர். பிழைத்தவர்களை எடுத்தவை டச்சுக் கப்பல்கள் ஃப்ளோரா, டைட்டன், சில மீன்பிடிப் படகுகள். சாவு எண்ணிக்கை இவ்வளவு ஏற ஒரு சிறு காரணம் உண்டு: கிரெஸியின் படகுகள் மற்ற கப்பல்களின் ஆட்களை ஏற்றப் போயிருந்தன. கிரெஸி கவிழ்ந்தபோது அதற்கென்று படகில்லை. வைகம்-மஸ்கிரேவ் என்ற 15 வயதுப் பயிற்சி அதிகாரி அபூகிரிலிருந்து ஹோக்குக்கும் அங்கிருந்து கிரெஸிக்கும் நீந்தி, மூன்றும் மூழ்கப் பிழைத்தார்.

இதன் பிறகு பெரிய கப்பல்கள் அடிபட்ட கப்பலுக்காக நிற்கக் கூடாது என்ற உத்தரவு வந்தது. கொடூரமாகத் தோன்றினாலும், அன்றைய கணக்கைப் பார்த்தால் வேறு வழியில்லை.

ஜெர்மனி மீது முதல் விமானத் தாக்குதலும் அன்றுதானா? என்ன சேதம்?

சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு விமானங்கள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து புறப்பட்டன. இலக்கு கொலோன், டூசல்டார்ஃப் நகரங்களில் இருந்த செப்பலின் வான்கப்பல் கொட்டகைகள். பனிமூட்டத்தில் மூன்று விமானங்கள் இலக்கைக் காணாமல் திரும்பின. சார்ல்ஸ் காலெட் மட்டும் டூசல்டார்ஃப் கொட்டகையைக் கண்டுபிடித்து, மிகத் தாழ்வாக இறங்கி 20 பவுண்டு குண்டுகளைப் போட்டார். கொட்டகையில் பட்ட குண்டுகள் வெடிக்கவில்லை.

காரணம் இயந்திரவியல். ஹேல்ஸ் குண்டின் வாலில் சிறு காற்றாடி இருக்கும். விழும்போது அது குறிப்பிட்ட சுற்றுகள் சுற்றினால்தான் வெடிப்பான் தயாராகும். சில நூறு அடி உயரத்திலிருந்து போட்டால் சுற்று முடிவதற்குள் குண்டு தரையைத் தொட்டுவிடும். குறி தவறாமலிருக்கத் தாழப் பறந்தால் வெடிக்காது, வெடிக்க உயரப் போனால் குறி தவறும். அக்டோபர் 8இல் மீண்டும் போனார்கள். அப்போது மாரிக்ஸ் என்பவர் டூசல்டார்ஃபில் ஒரு செப்பலினைக் கொட்டகையோடு எரித்தார்.

பிரான்சில் பதுங்குகுழிப் போர் தொடங்கிவிட்டதா?

பாதி. மார்ன் சண்டைக்குப் பின்வாங்கிய ஜெர்மானியர் எய்ன் ஆற்றுக்கு வடக்கே மேட்டில் குழி வெட்டி உட்கார்ந்துவிட்டனர். செப்டம்பர் 13இலிருந்து பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் மோதியும் அசைக்க முடியவில்லை. நேரே போக முடியாது என்றானதும் வடக்கே சுற்றுவதே மிச்சம். பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ர், லொரேன் பகுதியில் இருந்த இரண்டாம் படையை ரயிலேற்றி வடக்கே கொண்டுவந்து காஸ்டெல்னோ தலைமையில் நிறுத்தினார். அது வாஸ், சோம் ஆறுகளுக்கிடையில் லாசினி, ருவா ஊர்ப்பக்கம் மோதத் தொடங்கிய நாள் செப்டம்பர் 22. ஜெர்மானியரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததால் பக்கவாட்டைத் தேடிப் போனவர்கள் எதிரியின் முகத்தையே சந்தித்தார்கள். இப்படி மாறி மாறி வடக்கே நீண்டு கடைசியில் கடலைத் தொட்டது போர்முனை.

தெற்கே வெர்டனுக்குக் கீழே மியூஸ் மேடுகளிலும் சண்டை. இரண்டு நாள் கழித்து சாங்-மியேல் விழுந்தது. அந்த ஆப்பு போன்ற பகுதியை மீட்க 1918 செப்டம்பர் வரை ஆயிற்று. ஒரு வாரத்தில் போனதை மீட்க நான்கு ஆண்டு.

கிழக்கிலும் பால்கனிலும்?

கலிசியாவில் (இன்றைய போலந்து-உக்ரைன் எல்லைப் பகுதி) ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. லெம்பெர்க் செப்டம்பர் தொடக்கத்திலேயே ரஷ்யர் கையில். சான் ஆற்றங்கரையின் யாரோஸ்லாவ் 21ஆம் தேதி விழுந்தது. பெரும் கோட்டையான பிஷெமிஷல் 24இல் முழுதாகச் சூழப்பட்டது. ஆக 22 என்பது கதவு மூடிக்கொண்டிருந்த நாள். வடக்கே ஜெர்மன் தளபதி ஹிண்டன்பர்க், ஆஸ்திரியரைக் காப்பாற்றக் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து புதிய ஒன்பதாம் படையை ரயிலில் சைலீசியாவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

செர்பியாவில் டிரினா ஆற்றைக் கடந்த ஆஸ்திரியரை எதிர்த்து யாகோட்னியா மலையில் நடந்த மாச்கோவ் காமென் சண்டை 22இல் முடிந்தது. ஒரே முகட்டைத் திரும்பத் திரும்பக் கைப்பற்றி இழந்த சண்டை. முன்னால் நின்று வழிநடத்தியதால் செர்பிய அதிகாரிகள் அளவுக்கு மீறிச் செத்தார்கள். தமிழில் இதைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே எழுதப்படவில்லை என்பது வருத்தம்தான்.

எம்டன் சென்னைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

ஜெர்மனியின் கிழக்காசிய அணியின் தளம் சீனக் கடற்கரையிலுள்ள சிங்டாவ். போர் மூண்டதும் அட்மிரல் ஷ்பே தன் அணியோடு பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்காவை நோக்கிப் போக முடிவெடுத்தார். ஆகஸ்ட் நடுவில் பகான் தீவில், இலேசுக் குரூசரான எம்டன் மட்டும் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். துணைக்கு மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பல்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். கித்தானால் நான்காவது ஒன்றைப் பொய்யாகக் கட்டி நிறுத்தினால் தூரத்தில் பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தெரியும். செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் பொன்டோபோரஸ், இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமட், டிராபக், கிளான் மாத்திசன் என்று கப்பல்களை அடுத்தடுத்துப் பிடித்தது. கபிங்கா என்ற கப்பலைப் பிடிபட்டவர்களை ஏற்றி அனுப்ப விட்டுவிட்டது. அதன் வழியே செய்தி கரைக்கு எட்டியது, விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து நின்றது. பிடிக்கக் கப்பல் இல்லாத கடலில் சுற்றுவதில் பயனில்லை. அடுத்த இலக்கு கரையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்டனின் உண்மையான எதிரி நிலக்கரி. கொள்ளளவு எண்ணூறு டன் சொச்சம். நிரப்பும் வேலை நடுக்கடலில், கூடையும் மூட்டையுமாக, மாலுமிகளின் முதுகில். பொன்டோபோரஸிலிருந்து கிடைத்த இந்திய நிலக்கரி மட்டமானது: கரும்புகை விடும், கொதிகலன் குழாய்களில் கரி படியும். ஒளிந்து திரியும் கப்பலுக்குக் கரும்புகையைவிடக் கெட்ட சகவாசம் கிடையாது.

அந்த இரவு சரியாக என்ன நடந்தது?

இருட்டிய பின் எம்டன் கிழக்கிலிருந்து நெருங்கியது. நகர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுழன்றது. கேப்டனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி தேவையில்லை. கரையிலிருந்து 3,000 மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்து கப்பலை நிறுத்தி, சர்ச் லைட்டைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்துச் சுட்டது.

எம்டனில் பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், ஒரே பக்கம் நோக்கி ஒருசேரச் சுடக்கூடியவை ஐந்து. குண்டு ஒன்றின் எடை சுமார் 17 கிலோ. மொத்தம் 125 முதல் 130 குண்டுகள். சர்ச் லைட் போட்டால் இலக்கு தெரியும், ஆனால் கரைப் பீரங்கிக்கும் நீங்கள் தெரிவீர்கள். அதனால் நீண்ட நேரம் நிற்க முடியாது. எல்லாம் அரை மணிக்குள் முடிந்தது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்ட சில குண்டுகளும் படவில்லை.

போகும்போது விளக்கை எரியவிட்டபடி வடக்கே போவதுபோலக் காட்டி, பிறகு விளக்கணைத்துத் தெற்கே திரும்பியது. தேடியவர்களைத் தப்பான திசைக்கு அனுப்பும் பழைய தந்திரம், இங்கேயும் வேலை செய்தது.

சேதம்? இறப்பு?

இரண்டு தொட்டிகள் தீப்பற்றின, வேறு சில ஓட்டையாயின, மூன்று இலட்சம் கேலனுக்கும் மேலான எண்ணெய் போயிற்று. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். சில குண்டுகள் உயர் நீதிமன்ற வளாகம்வரை வந்தன.

ஆனால் முல்லர் கணக்குப் போட்டது எண்ணெயை மட்டும் வைத்தல்ல. பிரிட்டிஷாரின் மதிப்பை அவர்கள் ஆளும் மக்கள் முன்னால் இறக்க வேண்டும், வணிகத்தைக் குலைக்க வேண்டும். இரண்டும் நடந்தன. ஏராளமான குடும்பங்கள் சென்னையைவிட்டு உள்நாட்டுப் பக்கம் கிளம்பின, விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து மீண்டும் நின்றது.

துறைமுக நகரம் ஏன் விளக்கணைக்கவில்லை?

சென்னையைக் கடலிலிருந்து யாரும் தாக்குவார்கள் என்று எவரும் எண்ணவில்லை. இருட்டடிப்பு நடைமுறை அப்போது இங்கே வழக்கத்தில் இல்லை. வணிகக் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கம் அவசியம், அணைத்தால் விபத்து. இதை அலட்சியம் என்று திட்டுவோர் உண்டு. 1914இன் அறிவோடு பார்த்தால் அது நியாயமில்லை. பத்து நாளாக எம்டன் அருகில் திரிகிறது என்று தெரிந்த பிறகும் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றியாவது வெளிச்சத்தைக் குறைத்திருக்கலாம் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தாரா?

இல்லை. மேடைகளிலும் பாடநூல் அல்லாத புத்தகங்களிலும் அடிக்கடி வருவது இந்தக் கதை. எம்டன் சிங்டாவிலிருந்து ஜூலை 31இல் கிளம்பியது. செண்பகராமன் அப்போது சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில், இந்திய விடுதலை ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் பெர்லின். ஜூரிச்சிலிருந்து வங்காள விரிகுடாவில் ஒளிந்து திரியும் கப்பலில் ஏற வழியே கிடையாது. அவர் செய்த அரசியல் பணிக்கு இந்தக் கற்பனை ஒட்டு தேவையுமில்லை.

பப்பீத்தேயில் என்ன நடந்தது?

ஷ்பேயின் கவசக் குரூசர்கள் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனவ் இரண்டும் முந்தைய நாள் போரா போராவில் பிரிட்டிஷ் கப்பல்கள்போல நடித்து, காசு கொடுத்து உணவுப்பொருள் வாங்கின. 22 காலையில் பப்பீத்தே முன் தோன்றின. வேண்டியது அங்கே குவித்திருந்த சுமார் 5,000 டன் நிலக்கரி.

நகரத்தைக் காக்க இருந்தது ஸெலே என்ற சிறு பிரெஞ்சுக் கப்பலும் அதன் தளபதி டெஸ்த்ரமோவும். ஷார்ன்ஹோர்ஸ்டின் எட்டு 21 செ.மீ. பீரங்கிகளுக்கு எதிரே ஸெலே ஒரு பொருட்டே இல்லை என்று அவருக்குத் தெரியும். எனவே முன்கூட்டியே அதன் பீரங்கிகளைக் கழற்றிக் கரையில் ஏற்றினார். துறைமுகத்துக்குள் நுழைய வழிகாட்டும் அடையாளங்களை அகற்றினார். ஜெர்மானியர் வந்ததும் நிலக்கரிக் குவியலுக்குத் தீ வைத்தார், ஸெலேயை அவரே மூழ்கடித்தார்.

ஜெர்மானியர் நகரைச் சுட்டனர். கடைவீதியும் சந்தையும் எரிந்தன, பொதுமக்கள் இருவர் இறந்தனர். உள்ளே கண்ணிவெடி இருக்குமோ என்ற அச்சத்தில் ஷ்பே நுழையாமலே போய்விட்டார். குண்டும் போயிற்று, கரியும் கிடைக்கவில்லை, இருக்குமிடமும் வெளிப்பட்டது. உலகின் மறுகோடியில் குண்டுக் கிடங்கு இல்லாத அணிக்கு இந்த மூன்றும் சேர்ந்த நஷ்டம் பெரியது. டெஸ்த்ரமோவோ ஆளுநரோடு சண்டையிட்டதால் திரும்ப அழைக்கப்பட்டு 1915இல் நோயால் இறந்தார், பாராட்டு அதன் பின்னரே வந்தது.

சென்னையும் பப்பீத்தேயும் ஒரே திட்டமா?

ஒரே நாளில் தாக்கச் சொல்லி உத்தரவு எதுவும் கிடையாது. பிரிந்து ஐந்து வாரமான கப்பல்கள் பல ஆயிரம் மைல் தூரத்தில் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளவும் முடியாது. நாள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் இரண்டும் ஒரே அணி, ஒரே நெருக்கடி: தளம் இல்லை, நிலக்கரி எதிரியிடமிருந்துதான் வர வேண்டும். எம்டன் எரித்தது எதிரியின் எரிபொருளை, பப்பீத்தேயில் எரிந்தது தாங்கள் எடுக்க வந்த எரிபொருள். கப்பல்களை விரட்டப் பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் கலங்களை ஒதுக்க வேண்டிவந்தது. நியூசிலாந்துப் படை புறப்படுவது அக்டோபர் 16 வரை தள்ளிப்போனது.

ஆப்பிரிக்காவிலும் சிங்டாவிலும் அன்று ஏதாவது?

சிறிய அசைவுகள். சான்சிபாரில் 20ஆம் தேதி கொதிகலன் வேலைக்காக நின்றிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெகசஸை ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க் மூழ்கடித்திருந்தது. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் லூடரிட்ஸ் துறைமுகம் தென்னாப்பிரிக்கர் கையில். கேமரூனின் டுவாலா 27இல் சரணடைந்தது. நியூகினியில் 21ஆம் தேதியே ஜெர்மானியர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டனர். சிங்டாவைச் சூழ ஜப்பானியப் படை நெருங்கிக்கொண்டிருந்தது, நவம்பர் 7இல் நகரம் விழுந்தது. இந்தியாவின் லாகூர் டிவிஷன் மத்தியதரைக் கடலில் பயணத்தில் இருந்தது. 26இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. தென் தமிழகப் பெயர் தாங்கிய 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி போரைச் சந்தித்தது நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில். துருக்கியின் ஒட்டோமான் பேரரசு இன்னும் போரில் இறங்கவில்லை. அன்றைய பட்டியலில் மெசபடோமியாவையோ கலிப்பொலியையோ சேர்த்தால் தவறு.

அன்று வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

எம்டன் அக்டோபர் 28இல் பினாங்கில் ரஷ்யாவின் ஷெம்சுக், பிரான்சின் மூஸ்கே என்ற போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் அதை அடித்து நொறுக்கியது. ஷ்பே டிசம்பர் 8இல் ஃபாக்லாந்து அருகே தன் இரு பெரிய கப்பல்களோடும் இறந்தார். வெடிகன் 1915 மார்ச்சில், வேறொரு நீர்மூழ்கியில் இருந்தபோது, டிரெட்நாட் போர்க்கப்பல் முட்டி மூழ்கினார்.

இப்போது பார்க்க என்ன மிச்சம்?

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உண்டு. குண்டின் சிதறல் ஒன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலங்கரை விளக்கமாக இருந்த நீதிமன்றக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால், எம்டனுக்கு அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பது புரியும். வட கடலில் மூன்று கப்பல்களின் உடல்களும் ஹாலந்துக்கு அப்பால் கிடக்கின்றன. 1954இல் பிரிட்டிஷ் அரசு அவற்றைப் பழைய இரும்பாக எடுத்துக்கொள்ளும் உரிமையை விற்றுவிட்டது.